நியூட்ரினோவின் நிறை: டிரிட்டியம் சோதனைகளின் வரலாறு

பீட்டா சிதைவைக் கொண்டு நியூட்ரினோவின் நிறையை அறியும் வழியை 1934-இல் என்ரிக்கோ ஃபெர்மியின் கோட்பாடு காட்டியது. சிதைவில் வெளிப்படும் ஆற்றலை எலக்ட்ரானும் நியூட்ரினோவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. நியூட்ரினோவுக்கு நிறை இருந்தால் அந்த அளவு ஆற்றல் எந்த எலக்ட்ரானுக்கும் கிடைக்காது. ஆற்றல் வரைகோட்டின் வால் அந்த அளவுக்குக் குட்டையாகும். ஹைட்ரஜனின் கதிரியக்க வடிவமான டிரிட்டியத்துக்கு அந்த வால்நுனி 18.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அருகில் இருக்கிறது. கடைசி ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுக்குள் விழும் சிதைவுகளோ பத்து லட்சம் கோடிக்கு ஏறத்தாழ இரண்டுதான். இவ்வளவு அரிதான இடத்தில் தேடியவர்களைப் பெரும்பாலும் திசைதிருப்பியது நியூட்ரினோ அல்ல, டிரிட்டியம் குடியிருந்த பொருள்.

1980-இல் மாஸ்கோவில் லியுபிமோவ் குழு, வேலைன் என்ற அமினோ அமிலத்தில் டிரிட்டியத்தை ஏற்றி அளந்து, நிறை 14 முதல் 46 எலக்ட்ரான் வோல்ட் வரை இருக்கும் என்றது. உண்மையாக இருந்திருந்தால், பேரண்டத்தின் கரும்பொருளில் பெரும்பங்கு நியூட்ரினோ என்றாகியிருக்கும்; பரபரப்புக்குக் கேட்கவா வேண்டும்! வேலைன் சிக்கலான மூலக்கூறு; சிதைந்த பின் அது எத்தனை ஆற்றலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட முடியாது. லாஸ் அலமோஸ் குழு கணக்குக்கு அடங்கும் டிரிட்டியம் வாயுவையே எடுத்துக்கொண்டு, 1991-இல் 9.3 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை என்றது. ஆனால் வாயுவில் அளந்தபோதும் நிறையின் வர்க்கம், இருக்கவே முடியாதபடி, மைனசில் வந்ததே, அப்படியானால் குடியிருப்பின் மீது பழி போடலாமா என்று கேட்கலாம். போடலாம். சிதைந்த பின் மூலக்கூறு அடையும் இறுதிநிலைகளுக்கான புதிய கணக்கை 2015-இல் பொருத்தியதும் அந்த மைனஸ் மறைந்துவிட்டது. ஜெர்மனியின் மைன்ஸில் நடந்தது இன்னும் கண்கூடு: உறையவைத்த டிரிட்டியப் படலம் நாள்பட நாள்படச் சொரசொரப்பான படிகங்களாகத் திரண்டு, எலக்ட்ரான்களின் ஆற்றலைத் தின்றது. வெப்பநிலையை 2 கெல்வினுக்குக் கீழே இறக்கிய பிறகே முடிவு நேரானது.

இந்தப் பாடங்களின் மேல் எழுந்தது ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உள்ள கேட்ரின் சோதனை. எலக்ட்ரான்களின் ஆற்றலை அளக்கும், 10 மீட்டர் விட்டமுள்ள அதன் கலம் சாலையில் அடங்காததால், சுமார் 400 கிலோமீட்டர் தொலைவுக்கு டான்யூப், கருங்கடல், மத்தியதரைக்கடல், ரைன் எனச் சுற்றி 2006-இல் வந்துசேர்ந்தது. 2025-இல் வெளியான முடிவின்படி நிறை 0.45 எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை. வானியல் அவதானிப்புகள் இதைவிட இறுக்கமான வரம்பைத் தரும்போது ஆய்வகம் எதற்கு என்பவர்கள் உண்டு. அந்த வரம்பு பேரண்டம் எப்படி விரிந்தது என்ற மாதிரியை நம்பி நிற்கிறது. டிரிட்டிய அளவீட்டுக்கு ஆற்றல் அழியாமை போதும். ஒரு வகை நியூட்ரினோ இன்னொரு வகையாக மாறும் நியூட்ரினோ அலைவு, குறைந்தது ஒரு வகைக்கு 0.05 எலக்ட்ரான் வோல்ட்டாவது நிறை உண்டு என்கிறது. அவ்வளவு கீழே இறங்க டிரிட்டிய மூலக்கூறின் அதிர்வே தடையாகும். அதனால்தான் ப்ராஜெக்ட் 8 குழு, மூலக்கூறை உடைத்துத் தனி அணுக்களைக் காந்தப் பொறியில் அடைத்து அளக்கத் தயாராகிவருகிறது.