ஊதியம் பேசும் உரிமை: ஒரு சட்டத்தொடரின் வரலாறு

முன்னுரை

உழைப்புக்குரிய பயனைத் தொழிலாளர் தமக்குள் ஒப்பிட்டுப் பார்ப்பது இயல்பான செயலாகும். எனினும் ஊதியத்தை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளலாகாது என்னும் தடையைப் பல நிறுவனங்கள் நெடுங்காலமாக விதித்து வந்துள்ளன. இத்தடைக்கு எதிரான சட்டப் பாதுகாப்பு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் எவ்வாறு உருவாயிற்று, அதன் எல்லை எங்கே நின்றது, அதன் சொற்கள் இந்தியச் சட்டத்தில் எவ்வாறு இடம்பெற்றன என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது.

சட்டத்திற்கு முந்தைய நிலை

1919ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த வேனிட்டி ஃபேர் இதழின் நிருவாகம், பணியாளர்கள் தம் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதைத் தடை செய்து ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அவ்விதழில் பணியாற்றிய எழுத்தாளர்களான டோரதி பார்க்கர், ராபர்ட் பெஞ்ச்லி, ராபர்ட் ஷெர்வுட் ஆகிய மூவரும் தத்தம் சம்பளத் தொகையை எழுதிய அட்டைகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அலுவலகத்தில் நடமாடினர். அறிவாற்றல் மிக்க எழுத்தாளர்களுக்கும் அன்று நகைச்சுவையே கருவியாக இருந்தது. இவ்வகைப் பேச்சைக் காக்கும் கூட்டரசுச் சட்டம் ஏதும் அப்போது இல்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டம்

பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில், நியூயார்க் மாநிலத்தைச் சார்ந்த செனட்டர் ராபர்ட் வாக்னரின் முயற்சியால் தேசியத் தொழிலுறவுச் சட்டம் உருவாயிற்று. குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 1935 சூலை 5 அன்று அதில் கையொப்பமிட்டார். அதன் ஏழாம் பிரிவு, சங்கம் அமைக்கும் உரிமையோடு, கூட்டுப்பேரத்திற்காகவோ பிற பரஸ்பர உதவிக்காகவோ பாதுகாப்புக்காகவோ கூடிச் செயற்படும் உரிமையையும் தொழிலாளர்க்கு வழங்கியது. ஊதியத்தைப் பற்றிப் பேசுதல் என்னும் சொல் இப்பிரிவில் எங்கும் இல்லை. ‘பரஸ்பர உதவி அல்லது பாதுகாப்பு’ என்னும் பொதுத் தொடரிலிருந்தே அவ்வுரிமை பின்னர் வருவிக்கப்பட்டது. 1937இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்புகள் வகுத்த பொருள்

இத்தொடரின் பொருள் விரிந்தமைக்கு இரு தீர்ப்புகள் சான்றாகும். பால்டிமோரில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் 1959 சனவரியில் கடுங்குளிர் தாங்காமல் ஏழு தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர். அவர்களுக்குச் சங்கம் இல்லை. அவர்களை நீக்கியது தவறென உச்ச நீதிமன்றம் 1962இல் தீர்ப்பளித்தது. சங்கம் சாராத் தொழிலாளரின் கூட்டுச் செயலும் பாதுகாப்புக்கு உரியது என்பது இதனால் உறுதியாயிற்று.

இரண்டாவது, ஜெனட் நிறுவன வழக்கில் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 1976இல் வழங்கிய தீர்ப்பாகும். ஊதியம் பற்றிய பேச்சை அறவே தடுக்கும் விதி சட்டத்திற்கு முரணானது என அது கூறியது. பேச்சால் எழும் மனக்குறையைக் காட்டி நிறுவனம் தடையை நியாயப்படுத்த முடியவில்லை. ஊதியக் குறைவால் எழும் மனக்குறையே கூட்டுச் செயலின் தோற்றுவாய் என நீதிமன்றம் கண்டது இங்குக் குறிப்பிடத்தக்கது.

எல்லைக்கு வெளியே நின்றோர்

இப்பாதுகாப்பு அனைவரையும் தழுவவில்லை. வேளாண் தொழிலாளரும் வீட்டுப் பணியாளரும் 1935இலேயே விலக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டு டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் மேற்பார்வையாளரையும் விலக்கியது.

இவ்விலக்கின் விளைவை லில்லி லெட்பெட்டரின் வாழ்க்கை காட்டுகின்றது. இவர் அலபாமா மாநிலம் காட்ஸ்டனில் உள்ள குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை மேற்பார்வையாளராகப் பணியாற்றினார். 1997 இறுதியில் அவர் பெற்ற மாத ஊதியம் 3,727 டாலர். அதே பணியிலிருந்த ஆடவருள் மிகக் குறைவாகப் பெற்றவரின் ஊதியம் 4,286 டாலர். மிக அதிகமாகப் பெற்றவரின் ஊதியம் 5,236 டாலர். பெயரிடப்படாத ஒரு சீட்டின் வழியாகவே வேறுபாடு அவருக்குத் தெரியவந்தது. ஒவ்வோர் ஊதிய முடிவும் எடுக்கப்பட்ட 180 நாளுக்குள் முறையிட்டிருக்க வேண்டும் எனக் கூறி, 2007 மே 29 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பிறர் ஊதியம் மறைக்கப்படும் நிலையில் இக்காலவரையறை பொருந்தாது என நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் மாறுபட்ட தீர்ப்பில் எடுத்துரைத்தார்.

2009 சனவரி 29 அன்று லெட்பெட்டரின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் காலவரையறையைத் திருத்தியது. ஊதியம் பேசும் உரிமையை அது வழங்கவில்லை. அரசு ஒப்பந்த நிறுவனங்களின் பணியாளர்க்கு அவ்வுரிமையை 2014 ஏப்பிரலில் குடியரசுத் தலைவர் ஒபாமா ஆணை வழியாக அளித்தார். அவ்வாணை திருத்திய 1965ஆம் ஆண்டு மூல ஆணை 2025 சனவரியில் நீக்கப்பட்டபோது அப்பாதுகாப்பும் உடன் மறைந்தது. ஆணையால் வந்த உரிமை ஆணையால் போயிற்று. சட்டத்தால் வந்த 1935ஆம் ஆண்டு உரிமை நிலைத்துள்ளது.

இந்தியச் சட்டத்தில் அதே தொடர்

இத்தொடர் இந்தியாவிலும் இடம்பெற்றுள்ளது. 1947ஆம் ஆண்டு தொழில் தகராறுகள் சட்டத்தில் 1982இல் செய்யப்பட்ட திருத்தம் 1984இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழிச் சேர்க்கப்பட்ட ஐந்தாம் அட்டவணை, நேர்மையற்ற தொழில் நடைமுறைகளைப் பட்டியலிட்டது. கூட்டுப்பேரத்திற்காகவோ பிற பரஸ்பர உதவிக்காகவோ பாதுகாப்புக்காகவோ தொழிலாளர் கூடிச் செயற்படுவதைத் தடுப்பது அவற்றுள் முதலாவதாக இருந்தது. வாக்னர் சட்டத்தின் சொற்களே இங்கு ஏறத்தாழ அப்படியே அமைந்திருந்தன. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த 2020ஆம் ஆண்டு தொழிலுறவுத் தொகுப்பும் அத்தொடரைத் தன் இரண்டாம் அட்டவணையில் பேணுகின்றது. விலக்கும் உடன் தொடர்கின்றது: மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் பெறும் மேற்பார்வையாளர் அத்தொகுப்பின்படி தொழிலாளர் ஆகார்.

முடிவுரை

ஊதியம் பேசும் உரிமை தனிச் சட்டமாகப் பிறக்கவில்லை; பரஸ்பர உதவி என்னும் தொடருக்கு நீதிமன்றங்கள் கண்ட பொருளாக வளர்ந்தது. இந்தியாவில் சொற்கள் உள்ளன. அவற்றை ஊதியப் பேச்சுக்கு வெளிப்படையாக விரிக்கும் பிரிவு சட்டத்தில் இல்லை. தொழிலாளர் யார் என்னும் வரையறையே இவ்வுரிமையின் எல்லையை வகுக்கின்றது என்பதும், வேறுபாட்டை அறியும் தேவை மிக்க பலர் அவ்வெல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டனர் என்பதும் இவ்வரலாற்றால் பெறப்படும்.