ஈய சீல் முதல் லேப்டாப் வரை: லாரி எஞ்சினும் வாரண்டியும்

போன வருஷம் ஒரு சனிக்கிழமை காலையில மாமா போன் பண்ணாரு. எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி இது: "மாப்ள, நீ கம்ப்யூட்டர் ஆளுதானே? வண்டியில கம்ப்யூட்டரைத் தொட்டா ஸ்டியரிங் பாக்ஸ்ல ஆயில் ஒழுகுமாடா?"

ஒழுகாதுன்னேன். "அப்ப நீ வந்து அவங்ககிட்ட சொல்லு"ன்னு போனை வெச்சுட்டாரு. இந்த எபிசோட் அந்தப் போன்ல இருந்துதான் ஆரம்பிக்குது.

மாமாவுக்குக் கடலூர் முதுநகர். துறைமுகத்துல மீன் ஏத்தி, ஐஸ் போட்டு, கேரளா பக்கம் கொண்டு போய் இறக்கிட்டு வருவாரு. ஒரே வண்டி, அதையும் அவரேதான் ஓட்டுறாரு. மீன் லோடுல நேரம்தான் காசு. ரெண்டு மணி நேரம் லேட்டுன்னா விலை இறங்கிடும். வண்டி வாங்கி நாலு மாசத்துல, ஏத்தத்துல இழுக்கலைன்னு தோணியிருக்கு. சிதம்பரத்துல ஒருத்தர் லேப்டாப்போட வந்து, ஸ்டியரிங் கீழ இருக்கற சாக்கெட்ல ஒயரைச் சொருகி, ஒரு மணி நேரத்துல பவரை ஏத்திக் குடுத்துட்டாரு. ஸ்பீட் லிமிட்டரைத் தொடவே இல்லன்னு மாமா சத்தியம் பண்றாரு. நான் மேல கேட்டுக்கலை.

ஏழு மாசம் நல்லா ஓடுச்சு. அப்புறம் டர்போ போச்சு. அதே வாரம் பவர் ஸ்டியரிங் பாக்ஸ்லயும் ஆயில் லீக். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனரைப் போட்டதும் சாஃப்ட்வேர் மாறியிருக்கறது தெரிஞ்சுபோச்சு. டர்போவுக்கு வாரண்டி இல்ல, ஸ்டியரிங்குக்கும் இல்ல, இனிமே இந்த வண்டியில எதுக்குமே இல்லன்னுட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், முதல்ல என் மனசு கம்பெனி பக்கம்தான் போச்சு. நம்ம ப்ராடக்ட்டோட பைனரியை ஒருத்தர் உள்ள பூந்து மாத்திட்டு, அப்புறம் "பக் இருக்கு"ன்னு டிக்கெட் போட்டா நாம என்ன பண்ணுவோம்? க்ளோஸ் பண்ணிட்டுப் போயிட்டே இருப்போம். ஆனா அந்த ஸ்டியரிங் கேள்வி என்னை விடலை. இது இன்னைக்கு நேத்து வந்த சண்டைதானான்னு தேட ஆரம்பிச்சேன். இல்ல, ரொம்பப் பழசு.

நான் மெக்கானிக்கல் படிச்சிட்டு சாஃப்ட்வேருக்கு வந்த பெருங்கூட்டத்துல ஒருத்தன். சிதம்பரத்துல படிக்கும்போது எஞ்சின் லேப்ல ஒரு டீசல் பம்ப்பைக் குறுக்கா வெட்டி, உள்ள இருக்கறது தெரியற மாதிரி வெச்சிருந்தாங்க. வரிசையா நிக்கற குட்டிக் குட்டி பிளஞ்சர்கள், சிலிண்டருக்கு ஒண்ணு. எவ்வளவு டீசல் போகணும்னு முடிவு பண்ற ஒரு பல் தண்டு. அந்தத் தண்டு இதுக்கு மேல நகரக் கூடாதுன்னு தடுக்கற ஒரு ஸ்க்ரூ. அவ்வளவுதான், எஞ்சினோட முழு பவரும் அந்த ஒரு ஸ்க்ரூ கையில. அதைத் திருப்பினா கூடுதல் டீசல், கூடுதல் இழுவை, பின்னாடி கறுப்புப் புகை.

நம்ம ஊர் லாரிக் கதை 1948ல எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சு, 1955ல லேலண்ட் பங்கு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆச்சு. டீசல் பம்ப் கதை 1951ல பெங்களூர்ல, பாஷ் தொழில்நுட்பத்தோட வந்த மைக்கோ கம்பெனியில ஆரம்பிக்குது. பழைய மெக்கானிக்குங்க இன்னைக்கும் பம்ப்பை "மைக்கோ பம்ப்"னுதான் சொல்வாங்க. அந்த ஸ்க்ரூவை டெஸ்ட் பெஞ்சுல வெச்சு அளந்து செட் பண்ணினதும், கம்பி கோத்து ஈயத்தால சீல் வெச்சுடுவாங்க. சீல் அறுந்திருந்தா யாரோ கை வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். செக்சம் மாறியிருக்கான்னு ஸ்கேனர் பார்க்கறதும் இதே வேலைதான். அன்னைக்குக் கட்டிங் பிளேயரை எடுத்தவரோட பேரன்தான் இன்னைக்கு லேப்டாப்பைத் திறக்கறாரு.

ஒரு வித்தியாசம் உண்டு. ஈய சீல் பம்ப்பைப் பத்தி மட்டும்தான் பேசும். அது அறுந்திருக்குன்னு காட்டி, பின்னாடி ஆக்சில் உடைஞ்சதுக்குக் காரணம் சொல்ல முடியாது. இன்னைக்கு எஞ்சின், புகை சுத்தம் பண்ற அமைப்பு, வேகக் கட்டுப்பாடு எல்லாத்துக்கும் பின்னாடி சாஃப்ட்வேர் இருக்கு. ஒரு ஃபைல் மாறியிருக்குன்னா மொத்த வண்டியுமே சந்தேகத்துக்கு உள்ளாயிடுது. 2020 ஏப்ரல்ல பி.எஸ்.6 வந்த பிறகு இன்னும் அதிகம்.

டர்போ விஷயத்துல கம்பெனி சொன்னது நியாயமாவே இருக்கலாம். கூடுதல் டீசல் எரிஞ்சா வெளிய வர்ற புகையோட சூடு ஏறும். கூடுதல் காத்து வேணும்னா டர்போ இன்னும் வேகமா சுத்தணும். அதோட பேரிங் மெல்லிய ஆயில் படலத்து மேல மிதக்குது. ஓடின வண்டியை உடனே ஆஃப் பண்ணினாலும் அது போகும், ஆயில் மாத்தாம விட்டாலும் போகும், பவரை ஏத்தினாலும் போகும். எதனால போச்சுன்னு பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஸ்கேனர் காட்டினது "மாத்தியிருக்காங்க"ங்கற ஒண்ணு மட்டும்தான். "அதனாலதான் போச்சு"ன்னு அது காட்டலை. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் 50 வருஷமா சட்டம் ஓடிக்கிட்டு இருக்கு.

1975ல அமெரிக்காவுல மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டம் வந்துச்சு. எங்க பிராண்ட் பார்ட்ஸ் போட்டாத்தான் வாரண்டின்னு கம்பெனி கட்டாயப்படுத்த முடியாதுன்னு அது சொல்லுது. ட்யூனிங் ரசிகர்கள் பலபேர் இதை "என்ன வேணா பண்ணலாம்"னு புரிஞ்சுக்கறாங்க. அது தப்பு. மாத்தினதாலதான் கெட்டுப்போச்சுன்னா, அந்தப் பழுதுக்குக் கம்பெனி மறுக்கலாம்.

நம்ம நாட்டுல 1986ல நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்தப்போ லாரிக்காரங்களுக்கு வேற ஒரு சிக்கல். வியாபார நோக்கத்துக்கு வாங்கினா நீங்க நுகர்வோரே இல்ல. லாரியை வேற எதுக்கு வாங்குவாங்க? 1993ல ஒரு விளக்கம் சேர்த்தாங்க: சுயதொழில் செஞ்சு பிழைக்க வாங்கி, தானே பயன்படுத்தினா அது வியாபார நோக்கம் ஆகாது. இதோட எல்லை எதுன்னு 1995ல உச்ச நீதிமன்றம் சொன்ன வழக்கு, நம்ம கோயம்புத்தூர் சம்பந்தப்பட்டது. லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ்ங்கற நிறுவனம் பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்கிட்ட ஒரு டர்னிங் மெஷின் வாங்கி, லேட்டா வந்தது, குறை இருக்குன்னு வழக்குப் போட்டாங்க. தோத்துட்டாங்க, அவங்க வாங்கினது வியாபாரத்துக்குன்னு முடிவாச்சு. ஆனா அந்தத் தீர்ப்புல நீதிபதிகள் உதாரணம் சொல்லும்போது, லாரி வாங்கித் தானே ஓட்டிப் பிழைக்கறவர் நுகர்வோர்தான்னு சொல்லியிருக்காங்க. வாங்கினதை முழுக்க வேற ஆள்தான் ஓட்டறாருன்னா கதை வேற. இதைப் படிச்சதும் மாமாவுக்குப் போன் பண்ணி "நீங்க நுகர்வோர்"னேன். "அதான் எனக்கே தெரியுமே, நான்தானே பணம் கட்டினேன்"னாரு.

அடுத்து நான் போய் நின்னது 2011ல ஷம்ஷேர் கட்டாரியா இந்தியப் போட்டி ஆணையத்துல குடுத்த புகார்ல. கார் கம்பெனிகள் ஸ்பேர் பார்ட்ஸை வெளி மார்க்கெட்டுக்கு விடறதில்ல, வெளி மெக்கானிக்கிட்டப் போனா வாரண்டி போயிடும்னு மிரட்டறாங்கன்னு புகார். 2014 ஆகஸ்ட் 25ல ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. எனக்கு அபராதத்தைவிட முக்கியமா பட்டது அந்த உத்தரவுல இருக்கற இன்னொரு விஷயம். வெளியில வேலை பார்த்தீங்கன்னா மொத்த வாரண்டியும் ரத்துன்னு போர்வை மாதிரி ஒரு நிபந்தனை போடக் கூடாது. வெளியில செஞ்ச தப்பான வேலையால எந்தச் சேதம் வந்துச்சோ, அந்த அளவுக்கு மட்டும்தான் மறுக்கலாம். எண்ணூர் ஈய சீலோட பழைய நியாயம் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு எனக்கு.

இதுலயும் கவனமா இருக்கணும். அது ரிப்பேர் பத்தின உத்தரவு, எஞ்சின் ட்யூனிங் பத்தி இல்ல. கார் கம்பெனிகள் மேல போட்டது, மாமா வண்டி லாரி. மேல்முறையீடுகளும் போச்சு. அதைக் காட்டி "நீங்க குடுத்தே ஆகணும்"னு யாரையும் அதட்ட முடியாது. ஆனா ஒரு லெட்டர்ல வாதமா வெக்கலாம்.

லெட்டர் எழுத உக்காந்தப்போதான் எனக்கு வேர்த்துச்சு. மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுப்படி, ஆர்.சி.ல இருக்கற விவரம் கம்பெனி குறிப்பிட்டதுல இருந்து மாறுபடற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில கேரள வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் இதை அழுத்திச் சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தத்துல, அனுமதி இல்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் இல்லன்னா 6 மாசம் வரைக்கும் ஜெயில்னு சேர்த்தாங்க. அதாவது, வாரண்டி கேட்டு எழுதற லெட்டர்லயே மாமா ஒரு குத்தத்தை ஒத்துக்கற மாதிரி ஆயிடும். ட்யூனிங் பண்றவங்க இதைச் சொல்றதே இல்ல.

நடுவுல ஒரு வயித்தெரிச்சல். 2015ல ஃபோக்ஸ்வாகன் மாட்டினது ஞாபகம் இருக்கா? டெஸ்ட் நடக்கும்போது மட்டும் சுத்தமா ஓடற மாதிரி கம்பெனியே சாஃப்ட்வேரை எழுதி வெச்சிருந்தாங்க. இந்தியாவுல மட்டும் 3,23,700 கார்களைத் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்துச்சு. மாமா பண்ணது சரின்னு நான் சொல்ல வரலை. அவர் வண்டி கக்கின புகையையும் நாமதான் சுவாசிச்சோம். சும்மா சொல்லி வெச்சேன்.

முதல்ல சிதம்பரத்துக்காரரைப் பிடிச்சு பழைய ஃபைலையே திரும்ப ஏத்த வெச்சோம். அவர் பேக்கப் எடுத்து வெச்சிருந்தது எங்க அதிர்ஷ்டம். அப்புறம் எனக்குத் தெரிஞ்ச ஒரு வக்கீல்கிட்டக் காட்டி லெட்டரை ரெண்டு பக்கத்துல முடிச்சேன். டர்போவைப் பத்திப் பேசவே இல்ல. "அது என் தப்பா இருக்கலாம் மாப்ள, நான் குடுத்துக்கறேன்"னு மாமாவே சொல்லிட்டாரு. ஸ்டியரிங் பாக்ஸ் ஒண்ணை மட்டும் கேட்டோம்: எஞ்சின் ஃபைல் மாறினதால இந்தப் பாக்ஸோட சீல் எப்படி ஒழுகும்னு எழுத்துல சொல்லுங்க. முடியலைன்னா மாத்திக் குடுங்க. அவர் தானே ஓட்டிப் பிழைக்கறவர், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக உரிமை இருக்கு. அங்க தேவைப்பட்டா பாகத்தை லேப்புக்கே அனுப்பிச் சோதிக்கவும் சட்டத்துல வழி இருக்கு.

மூணு வாரம் பதில் இல்ல. அப்புறம் ஒருநாள் சர்வீஸ் சென்டர்ல இருந்து போன், வண்டியைக் கொண்டாங்கன்னு. பாக்ஸை மாத்திக் குடுத்துட்டாங்க, காசு வாங்கலை. பில்லுல "நல்லெண்ண அடிப்படையில்"னு எழுதியிருந்தாங்க, வாரண்டின்னு எழுதலை. நான் அதை மாத்தி எழுதச் சொல்லி வாங்கலாம்னு துடிச்சேன். "விடுடா, லோடு நிக்குது"ன்னு மாமா கிளம்பிட்டாரு. மிச்ச வாரண்டி இருக்கா இல்லையான்னு அவங்க இன்னும் எழுத்துல சொல்லலை. டர்போவுக்கு அவர் வாங்கின கடன் இந்த மாசத்தோட முடியுது.

இப்போ அவருக்கு முட்டி வலி. டிரைவர் ஒருத்தரை வெக்கலாம்னு பார்க்கறாரு. 1995 தீர்ப்பைத் திரும்ப எடுத்துக் காட்டி, முழுசா அடுத்தவர் கையில குடுத்துடாதீங்க மாமா, மாசத்துக்கு நாலு ட்ரிப்பாவது நீங்க ஓட்டுங்கன்னேன்.

"சட்டத்துக்காக என் முட்டியைத் தேய்க்கச் சொல்றியாடா?"ன்னு கேட்டாரு. ஆனா போன வாரம் நான் கூப்பிட்டப்போ பின்னாடி எஞ்சின் சத்தம் கேட்டுச்சு.