குழந்தைக் கரப்பானும் இணை உணவும்

கரப்பான் (எக்சிமா) என்பது தோல் வறண்டு, சிவந்து, அரிப்பு ஏற்படும் அழற்சி நோய் ஆகும். இது பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது. வெடித்த தோலின் வழியே உணவுப் புரதங்கள் உட்புகுவதால் ஒவ்வாமை உருவாகலாம் எனவும், அவற்றையே உணவாக உட்கொள்ளும்போது உடல் ஏற்கப் பழகுகிறது எனவும் கருதப்படுகிறது.

கடுமையான கரப்பான் அல்லது முட்டை ஒவ்வாமை கொண்ட 640 குழந்தைகளிடம் இலண்டனில் நடத்தப்பட்ட லீப் ஆய்வின் முடிவுகள் 2015 இல் வெளியாயின. நிலக்கடலையைத் தவிர்க்கும்படி கூறப்பட்ட குழுவில் 17.2 விழுக்காட்டினருக்கு ஐந்தாம் வயதில் நிலக்கடலை ஒவ்வாமை காணப்பட்டது. 4–11 மாத வயதிலேயே உண்ணத் தொடங்கிய குழுவில் இது 3.2 விழுக்காடு மட்டுமே.

எனினும், கடுமையான கரப்பான் உள்ள குழந்தைக்கு மருத்துவர் பரிசோதித்த பின்னரே நிலக்கடலை தொடங்கப்பட வேண்டும். முழுக் கடலை மூச்சுக்குழாயை அடைக்கக்கூடும் என்பதால் மைய அரைத்து, நீர்க்கக் கரைத்தே ஊட்ட வேண்டும்.