மண்ணீரலும் மார்பகப் புற்றும்

வீங்கிய மண்ணீரல் என்றவுடன் வங்க மருத்துவரின் எண்ணம் நெடுங்காலமாக மலேரியாவையும் காலா அசார் என்னும் கருங்காய்ச்சலையுமே நாடிற்று. காலா அசாருக்கு யூரியா ஸ்டிபமைன் என்னும் மருந்தை உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கியதும் கல்கத்தாவின் கேம்பல் மருத்துவப் பள்ளியில்தான். 1950 ஜனவரியில் பிரெஞ்சு அறிவியலாளர் ஐரீன் ஜோலியோ கியூரி சித்தரஞ்சன் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்துவைத்தபின், அந்நகரம் வேறொரு நோயையும் ஆழ்ந்து பயிலத் தொடங்கியது. இன்று சாந்த்ராகாச்சியிலிருந்து வித்யாசாகர் பாலத்தைக் கடந்து கொல்கத்தாவுக்குச் சிகிச்சைக்கு வரும் மார்பகப் புற்றுநோயாளி ஒருவருக்கு மண்ணீரல் பெருத்திருப்பின், அது காய்ச்சலின் தடமா, புற்றின் பரவலா, சிகிச்சையின் விளைவா என்று பிரித்தறிந்தே ஆகவேண்டும்.

மண்ணீரலுக்குப் புற்று பரவுவது அரிது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட் 1889-இல், மார்பகப் புற்றால் நேர்ந்த 735 இறப்புகளின் பிணக்கூறாய்வுக் குறிப்புகளைத் தொகுத்தபோது, கல்லீரலில் 241 பேருக்கும் மண்ணீரலில் 17 பேருக்கு மட்டுமே பரவல் இருக்கக் கண்டார். மண்ணீரல் தமனியோ கல்லீரல் தமனியைவிடப் பெரிது. ஆகவே குருதி சுமந்து செல்லும் இடமெல்லாம் புற்று முளைப்பதில்லை, விதைக்கு ஏற்ற நிலமும் வேண்டும் என்று அவர் முடிவுசெய்தார். மண்ணீரலில் நோயெதிர்ப்பு அணுக்கள் செறிந்திருப்பதையும், அதற்குள் நிணநீரைக் கொண்டுவரும் நாளங்கள் இல்லாமையையும் பின்வந்தோர் காரணங்களாகக் காட்டினர். அவை தனித்து முழு விளக்கமாகா.

அரிதாகப் பரவும்போது சிலருக்கு வெண்ணிறக் கட்டிகள் தோன்றும். அணுக்களைப் பிணைக்கும் ஈ-கேட்ஹெரின் என்னும் புரதத்தை இழந்த நுண்மடல் வகைப் புற்றிலோ, அணுக்கள் தனித்தனியே பிரிந்து, மூப்படைந்த சிவப்பணுக்களை வடிகட்டும் செங்கூழ்ப் பகுதியின் குருதிக்குழிகளில் பரவி, கட்டி எதுவும் இன்றியே உறுப்பைப் பெருக்கச் செய்தலும் உண்டு. அத்தகைய பரவல் ஸ்கேன் படத்தில் கட்டியாகத் தென்படாது.

புற்றணு ஒன்றேனும் புகாத மண்ணீரலும் மாறக்கூடும் என்பது இன்னும் கவனத்துக்குரியது. எலும்பு மஜ்ஜையைப் புற்று ஆக்கிரமித்தால், கருவில் இருந்தபோது செய்த குருதியாக்கப் பணியை மண்ணீரல் மீண்டும் ஏற்று, முதிராத அணுக்களால் நிறையும். கல்லீரலில் பரவிய புற்று கீமோதெரபியால் சுருங்கித் தழும்பாகும்போது, போர்ட்டல் சிரையில் அழுத்தம் ஏறி, மண்ணீரலில் குருதி தேங்கி, தட்டணுக்கள் அங்கேயே சிறைப்படும். அதனால் குருதியில் அவற்றின் எண்ணிக்கை குறைந்து, அடுத்த தவணை மருந்து தள்ளிப்போகும்.

ஊசி செலுத்தித் திசு எடுப்பதில் இரத்தப்போக்கு அபாயம் இருப்பதால், குருதிப் பரிசோதனை, மஜ்ஜை ஆய்வு, படமெடுப்பு ஆகியவற்றை முதலில் முடிப்பதே முறை. அதன்பின்னும் ஐயம் நீங்காவிடில், திசு எடுத்து, அதன் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகளையும் ஹெர்-2 புரதத்தையும் முதற்கட்டியின் அறிக்கையோடு ஒப்பிடவேண்டும். இடையே அவை மாறியிருந்தால், கொடுக்கவேண்டிய மருந்தும் மாறக்கூடும்.