அகத்தாய்வு

அகத்தாய்வு: தன் மனத்தைத் தானே ஆராய்ந்து திருத்திக்கொள்ளும் பயிற்சி. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006) தம் மனவளக்கலை என்னும் பயிற்சி முறையின் ஓர் அங்கமாக இதை வகுத்தார். அவர் 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தை நிறுவினார். பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அறிவுத்திருக்கோயில் இப்பயிற்சியின் முக்கிய மையம்.

எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், ‘நான் யார்?’ என அறிதல் ஆகிய ஐந்தும் இதன் பகுதிகள். தாளும் எழுதுகோலுமே கருவிகள். சினப் பயிற்சியில், தமக்குக் கோபமூட்டுவோரின் பெயர்களைப் பட்டியலிட வேண்டும். பெரும்பாலும் மனைவி, மக்கள், உடன் வேலை செய்வோர் என நெருங்கியவர்களே அதில் இடம்பெறுவார்கள்.

கவலைகள் நான்காகப் பிரிக்கப்படும்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. அனுப்பர்பாளையத்துப் பாத்திரப் பட்டறைக்காரர் ஒருவர் தம் கவலைகளை எழுதினால், தகட்டின் விலையேற்றம் முதல் வகையில் சேரும்; ஆட்களுக்குத் தர வேண்டிய கூலி பாக்கி நான்காம் வகையில் சேரும். மனத்தில் குமைந்து கிடப்பது தாளில் இறங்கியதும் அதன் உண்மையான அளவு தெரிகிறது. ஒருநாள் எழுதுவதால் மட்டும் குணம் மாறிவிடாது. இடைவிடாத பழக்கமே பலன் தரும்.