காவினில் இல்லாத கையெழுத்து

மூத்தம்மாவின் காவின் பிரதி சென்ற வருடம்தான் எனக்குக் கிடைத்தது. மாப்பிள்ளையின் கையெழுத்து, வலியாக நின்ற அவருடைய வாப்பாவின் கையெழுத்து, நிக்காஹ் நடத்திய லெப்பையின் கையெழுத்து, சாட்சிகள், மஹர் தொகை எல்லாம் அதில் உண்டு. மணப்பெண்ணின் கையெழுத்து மட்டும் இல்லை. தேடிப் பார்த்தால், அதற்கென்று ஓர் இடமே விடப்படவில்லை.

பதிவுகாரரின் பிழையல்ல இது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் மாப்பிள்ளையிடமும் வலியிடமும்தான் கையொப்பம் கேட்டது. திருமணத்துக்குக் குறைந்த வயதையும் அது வைக்கவில்லை. பன்னிரண்டு நிறையாத பிள்ளையென்றால் பதிவதற்கு காழியின் அனுமதி வேண்டும் என்று 23ஆம் பிரிவு சொன்னது, அவ்வளவே.

காவினில் மூத்தம்மாவுக்கு வயது 16. அவரிடம் கேட்டேன்.

"பதினாறா? ஆரு சொன்ன? நான் பெரிய புள்ளையாகி ரெண்டு மாசம் இரிக்கும். பதிமூணு முடிஞ்ச கையோட. எழுத வந்தவரு என்ட உசரத்தப் பாத்து எழுதியிருப்பாரு."

சம்மதம் கேட்டார்களா?

"வாப்பா அறைக்குள்ள வந்து கேட்டாரு. நான் வாய் துறக்கல்ல. பக்கத்துல இருந்த மாமி, 'புள்ள தலய ஆட்டிட்டா' எண்டு சொல்லிட்டா."

கன்னிப்பெண்ணின் மௌனமே சம்மதம் என்று ஹதீஸை எடுத்துச் சொல்வோம். அந்த அறையில் இருந்தது நாணமா பயமா என்று யாரும் பிரித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. எங்கள் கிழக்கில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பதிமூன்று வயதுப் பிள்ளை தாயை விட்டுப் போகவில்லை. முதல் பிள்ளை பிறந்தபோது தூக்கிக் குளிப்பாட்டியது உம்மாதான். "நான் அடுப்படியில கொத்தாங்கல்லு விளையாடிட்டு இருப்பன், புள்ள அழுதா உம்மா ஓடுவா" என்கிறார். வேறு பக்கங்களில் மாமியார் வீட்டுக்குப் போன சிறுமிகளுக்கு அந்த நிழல் இருந்திருக்காது. ஆனால் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றது. அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார். சீதனமாகக் கொடுத்த வீட்டின் உறுதியில் அவருடைய பெயர் இருக்கிறது. காவினில் கைவைக்கத்தான் இடமில்லை.

1995இல் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆனது. நம் சட்டம் பழையபடியே நின்றது. அதே வருடம் தண்டனைச் சட்டக்கோவை 16 வயதுக்குக் குறைந்த பெண்ணுடன் உறவு கொள்வதைக் குற்றமாக்கியது. பன்னிரண்டைக் கடந்த மனைவி அதற்கு விலக்கு. 2009இல் நியமிக்கப்பட்ட நீதியரசர் சலீம் மர்சூப் குழு தன் அறிக்கையைக் கொடுத்தது 2018 ஜனவரியில். அதிலும் அங்கத்தவர்கள் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். ஒன்பது வருடம் பேசியவர்களில் எத்தனை பேர் இப்படியொரு மூத்தம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்று யோசிப்பேன். குறை சொல்ல எனக்கும் உரிமை குறைவு. நானே பிந்தித்தான் கேட்டேன்.

ஊரில் உள்ள மற்ற மூத்தம்மாமாரிடமும் இப்போது கேட்டு எழுதிவருகிறேன். பதிவேட்டு வயதும் வாய்மொழி வயதும் ஒத்துவராத இடங்களில் இரண்டையும் குறித்துக்கொள்கிறேன்.

மூத்தம்மாவின் ராத்தா பன்னிரண்டில் முடித்தவராம். போன நோன்பில் மவுத்தாகிவிட்டார். அவரிடம் நான் ஒன்றும் கேட்டு வைக்கவில்லை.