யூனிக்ஸ் கையேட்டு மென்பொருள்களும் அமைவுக் கோப்பும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒரு கட்டளையின் பயன்பாட்டை அறிய ‘மேன்’ என்று தட்டச்சு செய்தால் அதற்குரிய கையேட்டுப் பக்கம் முனையத்தில் விரியும். அந்தப் பக்கத்தை வரி பிரித்து, தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, ஓரம் விட்டுக் காட்டும் வேலையை ஆவண வடிவமைப்பு மென்பொருள் ஒன்று பின்னணியில் செய்கிறது. ட்ராஃப், ஜிராஃப், மேன்டாக் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுபவர், தம் கணினிக்கு ஏற்பச் சில அமைவுகளை மாற்ற வேண்டிவரும். கோப்புகள் எந்த அடைவில் போய் அமர வேண்டும், எந்த எழுத்துக்குறிமுறை வேலை செய்ய வேண்டும் என்பன போன்றவை அவை. இந்த அமைவுகளை மனிதர் சொல்ல வேண்டுமா, மென்பொருள் தானே ஊகித்துக்கொள்ள வேண்டுமா என்ற கேள்விக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு. அந்த ஊகம் தவறினால் தமிழ் எழுத்துகள் திரையில் தோன்றாமலே போகும் என்பதால், தமிழ்ப் பயனர்களுக்கும் இந்த வரலாற்றில் பங்குண்டு.

பெல் ஆய்வகத்தில் தொடக்கம்

1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ‘ரன்ஆஃப்’ என்ற நிரலே இந்தக் குடும்பத்தின் மூதாதை. அதன் வழியில் வந்த ‘ராஃப்’, பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸின் தலைவிதியையே மாற்றியது. புதிய பிடிபி-11 கணினி வாங்கப் பணம் கேட்ட யூனிக்ஸ் குழுவினர், காப்புரிமைத் துறைக்கு ஆவணம் தட்டச்சு செய்யும் வசதியைச் செய்து தருவதாகச் சொன்னார்கள். 1971இல் அந்தத் துறையின் தட்டச்சர்கள் யூனிக்ஸின் முதல் ‘வெளி’ வாடிக்கையாளர்கள் ஆனார்கள். ஆக, ஆவண மென்பொருள் இயங்குதளத்தின் இணைப்புப் பொருளாக வந்ததன்று. இயங்குதளம் பிழைத்து நிற்கக் காரணங்களுள் ஒன்று. யூனிக்ஸ் கையேட்டின் முதல் பதிப்பு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது.

அடுத்து ஜோ ஒசானா ‘என்ராஃப்’, ‘ட்ராஃப்’ ஆகியவற்றை எழுதினார். ட்ராஃப், கிராஃபிக் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சி/ஏ/டி என்னும் ஒளி அச்சுக்கோப்புப் பொறிக்காக 1973 வாக்கில் உருவானது. அந்தப் பொறி ஒரே நேரத்தில் நான்கு எழுத்துருக்களை மட்டுமே ஏற்கும். அந்த வரம்பு முதலிய பொறியின் குணங்கள் எல்லாம் நிரலுக்குள்ளேயே ஊறியிருந்தன. வேறு பொறி வாங்கினால் நிரலையே திருத்த வேண்டும். 1977இல் ஒசானா காலமானார். குறிப்புரைகள் அதிகம் இல்லாத அந்தச் சிக்கலான நிரலை 1979இல் பிரையன் கெர்னிகன் கையில் எடுத்தார். அவர் செய்த முக்கியமான மாற்றம், பொறியின் விவரங்களை நிரலிலிருந்து பிரித்துத் தனிக் கோப்புகளாக வைத்ததுதான். பொறிக்கு எத்தனை புள்ளி நுணுக்கம், என்னென்ன எழுத்துருக்கள், ஒவ்வோர் எழுத்தின் அகலம் எவ்வளவு என்பதையெல்லாம் இனி நிரல் ஒரு கோப்பைப் படித்துத் தெரிந்துகொள்ளும். ‘உள்ளூர் விவரம் நிரலில் அல்ல, கோப்பில் இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் இங்கே வேரூன்றியது.

சென்னை ஈக்காட்டுத்தாங்கலிலும் அதை ஒட்டிய கிண்டித் தொழிற்பேட்டையிலும் லேத் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் லேத் எல்லாப் பட்டறைக்கும் ஒன்றே. ஆனால் தரை எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்காது. அடியில் தகடு வைத்து, மட்டம் பார்த்து, போல்ட்டை இறுக்கிய பிறகுதான் வேலை தொடங்கும். மென்பொருளில் அந்தத் தகடுதான் அமைவுக் கோப்பு.

கேட்பதா, ஊகிப்பதா?

1976இல் பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் ‘மேக்’ என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ‘மேக்ஃபைல்’ என்ற கோப்பில் எழுதிவைத்தால், மாறியவற்றை மட்டும் அது மீண்டும் தொகுக்கும். தொகுப்பவர் அந்தக் கோப்பைத் திறந்து, நிறுவ வேண்டிய அடைவின் பெயரைக் கையால் திருத்துவார். எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே யூனிக்ஸ் இருந்தவரை இது போதுமானதாக இருந்தது.

1980களில் நிலைமை மாறியது. பெர்க்லியின் பிஎஸ்டி ஒரு பக்கம், ஏடி&டியின் சிஸ்டம் ஃபைவ் ஒரு பக்கம், ஒவ்வொரு கணினி நிறுவனத்தின் சொந்த யூனிக்ஸ் இன்னொரு பக்கம் என்று பிரிந்தன. ஒன்றில் இருக்கும் செயற்கூறு மற்றொன்றில் இராது. இருந்தாலும் வேறு பெயரில் இருக்கும். 1984இல் லாரி வால் (பின்னாளில் பெர்ல் மொழியை உருவாக்கியவர்) தம் ‘ஆர்என்’ செய்தி வாசிப்பியுடன் ‘கான்ஃபிகர்’ என்ற உறையோட்டு நிரலைச் சேர்த்து அனுப்பினார். அது கணினியைச் சோதிக்கும். சந்தேகம் வந்தால் தொகுப்பவரிடம் கேள்வி கேட்கும்.

1991இல் டேவிட் மெக்கென்சி குனூ திட்டத்துக்காக ‘ஆட்டோகான்ஃப்’ கருவியை உருவாக்கினார். இது கேள்வியே கேட்பதில்லை. சிறு சிறு சோதனை நிரல்களை எழுதி, தொகுத்துப் பார்த்து, எது இருக்கிறது எது இல்லை என்று தானே முடிவு செய்துகொள்ளும். மாற்ற விரும்புபவர் கட்டளை வரியில் விருப்பங்களைச் சேர்க்கலாம். ‘கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால்’ என்ற மூன்று படி மந்திரம் இதன் பிறகே உலகெங்கும் பரவியது. ஜேம்ஸ் கிளார்க் எழுதி 1990இல் வெளிவந்த ஜிராஃப் மென்பொருளும் பின்னாளில் இந்த முறைக்கு வந்தது.

ஆட்டோகான்ஃப் செய்த நன்மை பெரிது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. அது உருவாக்கும் கான்ஃபிகர் நிரல் ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நீளும். அதைப் படித்து, ஊகம் எங்கே தவறியது என்று கண்டுபிடிப்பவர்கள் மிகச் சிலரே.

சென்னையும் எழுத்துக்குறிமுறைகளும்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் வழியாகத் தொடங்கியது. தொலைபேசி வழி இணைப்பில் பெரிய கோப்புகளை இறக்குவது எளிதாக இல்லாத காலம் அது. பிசி குவெஸ்ட் போன்ற இதழ்களோடு வந்த குறுந்தகடுகளே பலருக்கு லினக்ஸை அறிமுகம் செய்தன. 1998இல் உருவான சென்னை லினக்ஸ் பயனர் குழு, சென்னை ஐஐடி வளாகத்தில் மாதந்தோறும் கூடி, நிறுவுவதிலும் தொகுப்பதிலும் உள்ள சிக்கல்களைப் பேசியது.

அதே ஆண்டுகளில் தமிழ் எழுத்துகளைக் கணினியில் எப்படிக் குறிப்பது என்ற விவாதமும் சூடாக இருந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழ்நாடு அரசு டாப், டாம் என்னும் குறிமுறைகளை ஏற்றது. இணையத்தில் இயங்கிய தமிழர் பலர் திஸ்கியைப் பயன்படுத்தினர். ஒருங்குறி 1991 முதலே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், அதைக் காட்டும் மென்பொருள்கள் அப்போது பரவலாகவில்லை.

லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியில் திஸ்கியை ஒருங்குறிக்கு மாற்றும் கூறு ஒன்று உண்டு. 2002இல் புரூனோ ஹைபிள் எழுதியது. திஸ்கி, பார்வை வரிசையில் எழுதுவது: ‘கெ’ என்பதில் கொம்பு முதலில், ககரம் பிறகு. ஒருங்குறியில் ககரம் முதலில், கொம்பு பிறகு. எனவே ஓர் எண்ணுக்கு இன்னோர் எண்ணைப் போடும் எளிய அட்டவணை போதவில்லை. எழுத்துகளை இடம் மாற்றும் தருக்கமே தேவைப்பட்டது. ஐரோப்பிய மொழிகளை மனத்தில் வைத்துச் செய்த ஊகங்கள் தமிழில் எங்கே உடையும் என்பதற்கு இந்தக் கூறு நல்ல சான்று.

2005இல் மத்திய அரசின் ஆதரவில் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் நிறுவப்பட்டது. குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சி-டாக் சென்னைப் பிரிவும் அதை நடத்தின. அங்கிருந்து 2007இல் வெளிவந்ததே டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ். இப்படிப்பட்ட தொகுப்புகள் பரவியதும், மூலநிரலைத் தாமே தொகுக்கும் பழக்கம் குறைந்தது. வசதிதான். ஆனால் அமைவுகளைத் தீர்மானிக்கும் இடம் பயனரின் மேசையிலிருந்து தொகுப்பாளரின் கணினிக்கு நகர்ந்துவிட்டது.

மேன்டாக்: சிறிய நிரல், தனிக் கோப்பு

2008 நவம்பரில் கிறிஸ்டாப்ஸ் சோன்சன்ஸ் ‘மேன்டாக்’ என்ற புதிய கையேட்டு மென்பொருளை எழுதத் தொடங்கினார். 2009இல் அது ஓபன்பிஎஸ்டியில் சேர்ந்தது. பின்னர் இங்கோ ஷ்வார்ட்சே அதன் பராமரிப்பை ஏற்றார். ஓபன்பிஎஸ்டி தன் அடிப்படைத் தொகுப்பிலிருந்து ஜிராஃபை நீக்கி மேன்டாக்கை வைத்துக்கொண்டது. ஆல்பைன், வாய்டு ஆகிய லினக்ஸ் தொகுப்புகளிலும் இன்று ‘மேன்’ கட்டளைக்குப் பின்னால் இதுவே இயங்குகிறது.

மேன்டாக் ஆட்டோகான்ஃபைப் பயன்படுத்துவதில்லை. அதன் கான்ஃபிகர் நிரல் கையால் எழுதப்பட்டது. பொறுமையுள்ள மாணவர் ஒரு மாலையில் படித்து முடிக்கலாம். அது கணினியைச் சோதிக்கிறது, ஊகிக்கிறது. ஊகம் பிடிக்கவில்லை என்றால் ‘கான்ஃபிகர்.லோக்கல்’ என்ற கோப்பை உருவாக்கி, அதில் மாறிகளுக்கு வேண்டிய மதிப்பை எழுத வேண்டும். எழுதிய மாறிக்குச் சோதனை நடக்காது, எழுதியதே இறுதி. மூலநிரலோடு வரும் மாதிரிக் கோப்பில் எல்லா மாறிகளும் விளக்கத்துடன் உள்ளன. ஓடவிட்டு, திரையில் வந்ததையும் ‘மேக்ஃபைல்.லோக்கல்’ கோப்பையும் படித்துப் பார்த்து, சரியாகும்வரை திருத்தி மீண்டும் ஓடவிடுங்கள் என்பதே நிறுவல் குறிப்பின் அறிவுரை.

‘பிரிஃபிக்ஸ்’ மாறி எந்த அடைவில் நிறுவ வேண்டும் என்று சொல்லும். கணினியில் வேறொரு ‘மேன்’ ஏற்கெனவே இருந்தால், அதனோடு மோதாமல் ‘எம்மேன்’ போன்ற பெயரில் நிறுவ ‘பின்எம்_மேன்’ மாறி உதவும். ‘மேன்பாத்_டிஃபால்ட்’ கையேடுகளைத் தேட வேண்டிய அடைவுகளின் வரிசை. தமிழ்க் கையேடுகள் இருக்கும் அடைவை அதில் முதலில் எழுதினால் தமிழ்ப் பக்கமே முதலில் கிடைக்கும். புதிய பதிப்பு வரும்போது பழைய கான்ஃபிகர்.லோக்கல் கோப்பை நகலெடுத்து வைத்தால், போன முறை செய்த தெரிவுகள் அப்படியே தொடரும். ஆறு மாதத்துக்கு முன் கட்டளை வரியில் என்ன தட்டினோம் என்று தேடி அலைய வேண்டியதில்லை. கெர்னிகன் அச்சுப் பொறிக்குச் செய்ததை இவர்கள் கணினி முழுமைக்கும் செய்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

தமிழ் எங்கே உடைகிறது

‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நம் கணக்கில் மூன்று எழுத்து. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். யுடிஎஃப்-8இல் சேமித்தால் பதினைந்து பைட்டுகள். முனையத்தில் எத்தனை கட்டங்களை அது அடைக்கும்? பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அடிப்படை நூலகம் நான்கு என்று சொல்லும். புள்ளிக்கு மட்டும் அகலம் சுழி. மேன்டாக் வழக்கமாக ஒரு வரிக்கு 78 கட்டங்கள் எடுக்கும். கட்டத்துக்குப் பதில் பைட்டுகளை எண்ணும் நிரல் 26 தமிழ்க் குறியீடுகளிலேயே வரி நிறைந்துவிட்டதாக நினைத்து ஒடித்துவிடும். ஆகவே அகலத்தை நூலகத்திடம் கேட்டறியும் வசதி இன்றியமையாதது.

அந்த வசதி இருக்கிறதா என்று மேன்டாக் தொகுக்கும் நேரத்தில்தான் சோதிக்கிறது. அதற்கு ஒரு யுடிஎஃப்-8 மொழிச்சூழல் தேவை. முதலில் அமெரிக்க ஆங்கிலச் சூழலைத் தேடும். இல்லையென்றால் கிடைத்த ஏதாவதொரு யுடிஎஃப்-8 சூழலை எடுக்கும். ஒன்றுமே நிறுவப்படாத சிறிய கணினியில் தொகுத்தால் சோதனை தோற்கும். அப்போது பிழை எதுவும் வராது, தொகுப்பு நிற்காது. அகல எழுத்து வசதி இல்லாத மேன்டாக் ஒன்று அமைதியாக உருவாகிவிடும். அதில் தமிழ்க் கையேட்டைத் திறந்தால் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கோண அடைப்புக்குள் ஒரு கேள்விக்குறி வரும். ‘தமிழ்’ ஐந்து கேள்விக்குறிகளாகத் தெரியும். ஆங்கிலக் கையேடுகள் வழக்கம்போல் வருவதால், தொகுத்தவருக்கு ஒன்றும் தெரியாது. பயனர் எழுத்துருவில் குறை என்று எண்ணித் தேடிக்கொண்டிருப்பார்.

மாற்று எளிது. தமிழ் மொழிச்சூழலைக் கணினியில் உருவாக்கிக்கொண்டு, கான்ஃபிகர்.லோக்கல் கோப்பில் ‘யுடிஎஃப்8_லோக்கேல்’ என்ற மாறிக்கு அதன் பெயரைக் கொடுத்துவிட்டுத் தொகுக்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: யுடிஎஃப்-8 வெளியீட்டை வெளிப்படையாகக் கேட்கும்போது, தொகுத்த நேரத்தில் பதிந்த அந்தப் பெயரையே நிரல் இயங்கும்போதும் தேடும். அந்தச் சூழல் இல்லாத வேறொரு கணினிக்கு நிரலை எடுத்துச் சென்றால் பழைய கேள்விக்குறிகள் திரும்பிவிடும்.

2022 பிப்ரவரியில் வந்த ஜிலிப்சி 2.35 பதிப்பு, எந்த நாட்டையும் மொழியையும் சாராத ‘சி.யுடிஎஃப்-8’ மொழிச்சூழலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டது. டெபியன் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே இதைத் தன் தொகுப்பில் தந்துவந்தது. இந்தச் சூழல் இருக்கும் கணினியில் மேன்டாக்கின் இரண்டாவது தேடல் அதைக் கண்டுகொள்ளும். அமெரிக்க ஆங்கிலமும் தமிழும் நிறுவப்படாத கணினியிலும் சோதனை வெற்றிபெற்று, தமிழ்க் கையேடு எழுத்துகளாகவே திரைக்கு வரும்.